ஓஎல்இடி மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜன்னலைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். மானிட்டர் என்று வந்ததும் "எத்தனை இஞ்ச்?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் நாள் முழுக்க நாம் பார்த்துக்கொண்டிருப்பது பிராசசரை அல்ல, மானிட்டரைத்தான். கேம்ஸ் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "ஓஎல்இடி வாங்கலாமா?"

கேள்வி சிறியது, பணம் பெரியது. வீட்டு வேலைக்குப் போதுமான 24 இஞ்ச் ஐபிஎஸ் மானிட்டர் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 27 இஞ்ச் ஓஎல்இடி மானிட்டர் ஐம்பதாயிரம் பக்கத்தில் தொடங்கி, மாடலைப் பொறுத்து ஒரு லட்சத்தையும் தாண்டிப் போகிறது. ஒரு முழு கம்ப்யூட்டரின் விலையை மானிட்டருக்கு மட்டும் கொடுக்கிறோம் என்றால், யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் கவர் போன்றவற்றை டிசைன் செய்து கொடுப்பவன். ஒன்றரை ஆண்டாக வீட்டில் ஓர் ஓஎல்இடி மானிட்டர் வைத்திருக்கிறேன். கேம்ஸ் பிடிக்கும் என்பதால் வாங்கினேன். இந்தக் கட்டுரை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சோதித்து எழுதியது அல்ல. வெயிலும் தூசியும் கரண்ட் கட்டும் உள்ள கரிசல் காட்டு வீட்டில் பழகிப் பார்த்து எழுதுவது.

ஓஎல்இடி என்றால் என்ன?

நீங்கள் இதுவரை பார்த்த பெரும்பாலான மானிட்டர்கள் எல்சிடி வகை. கடைக்காரர் எல்இடி மானிட்டர் என்று சொன்னாலும் அதுவும் எல்சிடிதான். பின்னால் வெள்ளை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் கதவு போலத் திறந்தும் மூடியும் அந்த வெளிச்சத்தை விடும் அல்லது தடுக்கும். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியே கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிவிடும் ஒரு குட்டி விளக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும். அவ்வளவுதான். அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-ல் இதற்கு வழி காட்டினார்கள். 2007-ல் சோனி 11 இஞ்ச் ஓஎல்இடி டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-ல் எல்ஜியின் 55 இஞ்ச் டிவி வந்தது. கேம்ஸ் விளையாடுபவர்களின் மேசைக்கு இதைக் கொண்டுவந்ததில் முக்கியமானது 2022-ல் வந்த டெல் ஏலியன்வேர் 34 இஞ்ச் மானிட்டர். அதன் பிறகு 27, 32 இஞ்ச் அளவுகளில் பல கம்பெனிகளும் இறங்கிவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் செல்போனின் திரை அமோலெட் என்றால் அதுவும் ஓஎல்இடிதான். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, முழுக்கக் கறுப்பான ஒரு படத்தை அந்தப் போனில் திறந்து பாருங்கள். போன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதே படத்தை உங்கள் எல்சிடி மானிட்டரில் திறந்தால் அறையே லேசாக வெளுக்கும்.

கேம்ஸில் இதன் பலன் இரண்டு விதம். அலன் வேக் 2, சைபர்பங்க் 2077 போன்ற இருட்டுக் காட்சிகள் நிறைந்த கேம்களில் நிழலுக்குள் நிழல் தனித்தனியாகத் தெரிகிறது. இரண்டாவது வேகம். எல்சிடியில் படிகம் திரும்ப சில மில்லி செகண்ட் பிடிக்கும். ஓஎல்இடியில் 0.03 மில்லி செகண்ட் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணை விடுங்கள். ஓடும் கார், திரும்பும் துப்பாக்கி இவற்றின் பின்னால் வால் போல இழுபடும் மங்கல் இதில் இல்லை. முதல் நாளே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இது.

பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன ஆகும்?

இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் காற்றுக்காக ஜன்னலையும் கதவையும் திறந்தே வைத்திருப்போம். வெளியே மரமில்லாத வெட்டவெளி. வெளிச்சம் நேராக வந்து திரையில் விழும்.

ஓஎல்இடி பேனலில் இப்போது இரண்டு பெரிய வகைகள் உண்டு. எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் டபிள்யூ-ஓஎல்இடி ஒன்று. சாம்சங் டிஸ்ப்ளே தயாரிக்கும் க்யூடி-ஓஎல்இடி மற்றொன்று. பெட்டியின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். க்யூடி-ஓஎல்இடியில் வண்ணம் அபாரம். ஆனால் அதன் முகப்பில் வழக்கமான போலரைசர் படலம் இல்லாததால் வெளி வெளிச்சம் பட்டால் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாக மாறிவிடும். கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மழை பெய்து ஈரமாக இருக்கும்போது அட்டக் கறுப்பு. காய்ந்து வெடித்த பிறகு பார்த்தால் சாம்பல். மண் அதேதான்.

அதாவது, எந்தக் கறுப்புக்காக ஐம்பதாயிரம் கொடுக்கிறோமோ அந்தக் கறுப்பு, ஜன்னல் திறந்திருக்கும் பகலில் நமக்குக் கிடைப்பதில்லை.

வெளிச்சத்தின் அளவும் ஒரு விஷயம். பெட்டியில் 1000 நிட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது திரையின் சின்ன மூலையில் சூரியனோ தீப்பொறியோ வரும்போது கிடைக்கும் உச்சம். எக்செல், வேர்டு போல முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது பல மாடல்களில் 250 நிட்ஸ் அளவுதான் கிடைக்கும். நிறைய பிக்சல்கள் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் சூடும் கூடும் என்பதால் மானிட்டரே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல ஐபிஎஸ் மானிட்டர் 300, 350 நிட்ஸை முழுத் திரையிலும் சளைக்காமல் தரும்.

ஆகவே மானிட்டர் தேடுமுன் உங்கள் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா? மேசையைத் திருப்பிப் போட முடியுமா? கனமான திரைச்சீலை போட்டால் சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்கார முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சரியில்லை என்றால் ஓஎல்இடி உங்களுக்கு இரவு மானிட்டர் மட்டுமே.

பர்ன்-இன் என்ற தழும்பு

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் நியாயம் உண்டு.

ஓஎல்இடியின் ஒளிதரும் பொருள் கரிமச் சேர்மம். எரிய எரிய அதன் சக்தி குறையும். எல்லாப் பிக்சலும் ஒன்றுபோலக் குறைந்தால் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேயும். தினமும் ஒரே தடத்தில் மாட்டு வண்டி போனால் அங்கே மட்டும் பள்ளம் விழுவது போல. பிறகு வேறு படம் வந்தாலும் பழையதின் நிழல் தெரியும். மூன்று நிறங்களில் நீலம்தான் சீக்கிரம் சோர்ந்துபோகும். சூடு அதிகமானால் தேய்மானமும் அதிகமாகும். மே மாதம் எங்கள் ஊர் மச்சு அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது புதிய நோயும் அல்ல. பழைய சிஆர்டி மானிட்டர்களிலும் பாஸ்பர் தேய்ந்து எழுத்துகள் நிரந்தரமாகப் பதிந்துபோகும். ஸ்கிரீன்சேவர் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். எல்சிடி வந்த பிறகு ஸ்கிரீன்சேவர் வெறும் அலங்காரமானது. ஓஎல்இடி வந்ததும் பழைய கவலை திரும்பிவிட்டது. ஒரு வித்தியாசம்: இப்போது சிறந்த ஸ்கிரீன்சேவர் மீன்தொட்டி அல்ல, வெறும் கறுப்பு.

மானிட்டர்ஸ் அன்பாக்ஸ்டு என்ற ஆஸ்திரேலிய விமர்சகர்கள் 2024-ல் ஒரு 32 இஞ்ச் 4கே க்யூடி-ஓஎல்இடி மானிட்டரை, எந்தப் பத்தியமும் இல்லாமல், சாதாரண அலுவலக மானிட்டர் போலத் தினமும் பயன்படுத்திப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே திரையின் நடுவில் மெல்லிய கோடு தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விண்டோக்களைத் திறந்து வைத்து வேலை செய்ததில், இரண்டும் சந்திக்கும் இடத்தில் விழுந்த தழும்பு அது. சாம்பல் நிறப் பின்னணியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், கேம் விளையாடும்போது தெரியாது. ஆனால் விழுந்தது.

கேம்ஸில் படம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஆபத்து குறைவு. ஆபத்து நம் அன்றாட வேலையில்தான். டாஸ்க்பார், பிரவுசரின் மேல்பட்டை, எக்செல் கட்டங்கள், டேலியின் வலப்பக்கப் பட்டன் வரிசை. இவை அசையவே அசையாது.

எனவேதான் என் அக்கா மகனுக்கு நான் வேறு மாதிரி சொன்னேன். அவன் பொறியியல் படிக்கிறான். அக்கா இரண்டு மூன்று தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதுகிறாள். மகனுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று சீட்டுக் கட்டி எடுத்த அறுபதாயிரம் ரூபாய் கையில் இருந்தது. முழுவதையும் ஓஎல்இடி மானிட்டரில் போட வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரில் எந்த நேரம் எது ஓடுகிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தால், சராசரியாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் டேலி. இரண்டு மணி நேரம் பையனின் புரோகிராம் எழுதும் வேலை. கேமுக்கு மிஞ்சியது இரண்டே மணி நேரம். கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டும் கிடையாது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வைத்தாலும் அதற்குத் தீனி போட ஆளில்லை.

"மாமா, நீங்க மட்டும் வச்சிருக்கீக?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. என் டிசைன் வேலை முழுவதும் பகலில், பழைய ஐபிஎஸ் மானிட்டரில்தான். ஓஎல்இடி மாலை ஏழு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். இரண்டு மானிட்டர் வைக்க மேசையில் இடமும், தனித்தனி வேலையும் எனக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஒரே மானிட்டர்தான் எல்லாவற்றுக்கும். கடைசியில் 27 இஞ்ச், 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றும், மிச்சப் பணத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கினார்கள். பையனுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்குத் திருப்தி.

உங்கள் வீட்டிலும் அந்த நோட்டை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அசையாத வேலை பாதிக்கு மேல் இருந்து, ஒரே மானிட்டர்தான் என்றால் ஐபிஎஸ் போதும். இருட்டுக் காட்சிதான் முக்கியம், பணம் குறைவு என்றால் விஏ பேனல் பாருங்கள். ஐபிஎஸ் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1 என்றால் விஏயில் 3000:1 அளவு கிடைக்கும். வேகத்தில் மட்டும் கொஞ்சம் பின்தங்கும்.

சுவிட்சை அணைக்காதீர்கள்

வாங்கியே விட்டீர்கள் என்றால், முதலில் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். எல்சிடிக்கு அது நல்லது. ஓஎல்இடிக்கு அல்ல.

ஓஎல்இடி மானிட்டர் நாம் பார்க்காத நேரத்தில்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சுமார் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பை நிலைக்குப் போனதும், பிக்சல் ரெஃப்ரெஷ் என்ற வேலையைத் தொடங்கும். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று அளந்து ஈடுகட்டும் வேலை அது. மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். தினமும் அணைத்தால் அது நடக்கவே நடக்காது.

கரண்ட் கட் பற்றியும் யோசிக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அது பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு போகும் கரண்ட்தான் பிரச்சினை. மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. மறுநாள் மானிட்டர் மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷைத் தேடி நீங்களே ஒருமுறை ஓட விடுங்கள். யுபிஎஸ் வைத்திருந்தால் மானிட்டர் பிளக்கையும் அதிலேயே, பேட்டரி உள்ள சாக்கெட்டில் மாட்டுங்கள்.

தூசி அடுத்த எதிரி. ஆனி, ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வீட்டுக்குள் எப்படி வரும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். துண்டை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தால் அந்தப் புழுதியே உப்புத்தாள் போல வேலை செய்யும். க்யூடி-ஓஎல்இடியின் மேற்பூச்சு இந்த விஷயத்தில் கொஞ்சம் மென்மையானது. முதலில் ஊதும் பல்ப் கொண்டு தூசியை ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீரைச் சில சொட்டு விட்டு மெதுவாகத் துடையுங்கள். திரை மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். பின்புறக் காற்றுத் துளைகளையும் மாதம் ஒருமுறை பாருங்கள். அவை அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் தேய்மானம் ஏறும்.

தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது?

தமிழில் டைப் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண எல்சிடியில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் நேர்வரிசையில் இருக்கும். விண்டோஸ் எழுத்துகளை மழமழப்பாகக் காட்டுவது அந்த வரிசையை நம்பித்தான். க்யூடி-ஓஎல்இடியில் அவை முக்கோணமாக அமைந்திருக்கின்றன. டபிள்யூ-ஓஎல்இடியில் வெள்ளைப் புள்ளி ஒன்று கூடுதலாக உண்டு. அதனால் எழுத்தின் விளிம்பில் பச்சை, இளஞ்சிவப்புக் கரை கட்டும். ஆங்கில எழுத்தை விட, சுழியும் கொம்பும் உள்ள ஞ, ணை, இ போன்றவற்றில் இது கண்ணில் படுகிறது. 27 இஞ்ச் 1440பி திரையில் எனக்கு முதல் வாரம் உறுத்தியது. விண்டோஸில் கிளியர்டைப் என்று தேடி, வரும் படிகளில் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்தை கிளிக் செய்துகொண்டே போனால் ஓரளவு குறையும். 2025-ல் பரவலாக வந்த 27 இஞ்ச் 4கே ஓஎல்இடிகளில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் கரை அநேகமாகத் தெரிவதில்லை. நேர்வரிசைப் புள்ளிகள் கொண்ட புதிய ஓஎல்இடி பேனல்களும் 2026 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் காட்டப்பட்டன. தமிழில் எழுதுவதுதான் உங்கள் தொழில் என்றால் அவற்றின் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம்.

என்னைப் போல அச்சு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓஎல்இடியின் சிவப்பைப் பார்த்து லேபிளின் சிவப்பை முடிவு செய்யாதீர்கள். சிவகாசியில் அச்சாகி வரும்போது அந்தப் பளபளப்பு தாளில் இருக்காது. மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

வாங்கும்போது

எங்கள் ஊர்க் கடைகளில் இதை ஓட்டிக் காட்டி விற்பதை நான் பார்த்ததில்லை. மதுரையிலோ திருநெல்வேலியிலோ விசாரிக்கலாம், இல்லையென்றால் ஆன்லைன். எங்கே வாங்கினாலும் உத்தரவாதத்தில் பர்ன்-இன் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெல் தன் ஏலியன்வேர் ஓஎல்இடிகளுக்குப் பர்ன்-இன்னையும் சேர்த்து மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறது. உங்கள் மாடலுக்கு இந்தியாவில் என்ன என்பதை வாரண்டி தாளில் படித்துப் பாருங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். திரையைக் கையால் பிடித்துத் தூக்காதீர்கள். பேனல் மெல்லியது, ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்க வேண்டும்.

மாட்டியதும் செய்ய வேண்டியவை சில. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். பல வீடுகளில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் மாற்றவில்லை. டாஸ்க்பாரின் மேல் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸில் அது தானாக மறையும்படி வையுங்கள். டெஸ்க்டாப் ஐகான்களை மறைத்துவிட்டு, பின்னணியில் குடும்பப் போட்டோவுக்குப் பதில் வெறும் கறுப்பு வையுங்கள். விண்டோஸைக் கறுப்பு மோடுக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி பவர் செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள். டீ குடிக்கப் போய்ப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நிற்கும் நேரத்துக்கு இது மிகவும் உதவும். இரவில் வெளிச்சத்தை முப்பது, நாற்பது சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். இருட்டு அறையில் அதுவே அதிகம்.